மார்பகப் புற்றுநோய் சிகிச்சையின் பக்கவிளைவுகளைக் குறைக்க உடற்பயிற்சி: ஆபரேஷன் முதல் மாத்திரைக் காலம் வரை

சிகிச்சை தொடங்கியதும் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லா ரெஸ்ட் எடு, கையை அசைக்காதே." அன்பில் சொல்வதுதான். ஆனால் கீமோவும் ரேடியேஷனும் தரும் சோர்வு, தூங்கி எழுந்தால் போகிற சோர்வு இல்லை. படுத்தே இருந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் படி ஏறுவதே பெரிய வேலையாகிறது. அதனால் இன்னும் சோர்வு, இன்னும் படுக்கை. இந்தச் சுழலை உடைப்பதில் உடற்பயிற்சிக்கு இருக்கிற சான்று எந்த மாத்திரைக்கும் இல்லை. 2017-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, புற்றுநோய்ச் சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் மனநல சிகிச்சையும் மருந்துகளைவிட மேலாக இருந்தன. 2022-ல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை பெறுகிறவர்களுக்கு சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டியது.

எதற்கெல்லாம் உதவும்? சோர்வு, பதற்றம், மனச்சோர்வு, தோள் இறுக்கம், தசை இழப்பு, ஹார்மோன் மாத்திரையால் வரும் மூட்டுவலி, அன்றாட வேலை செய்யும் திறன் ஆகியவற்றுக்கு நன்றாகவே உதவும். தூக்கத்துக்கும் ஓரளவு உதவும். முடி கொட்டுவதை நிறுத்தாது. வாந்திக்கு வாந்தி மாத்திரைதான். உடல் திடீரெனச் சூடேறும் தொல்லைக்கு உடற்பயிற்சி பெரிதாக உதவும் என்று சொல்ல சான்று போதவில்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. பெரும்பாலானவர்கள் நல்ல நாளுக்குத் திட்டம் போடுகிறார்கள், மோசமான நாள் வந்ததும் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். மோசமான நாளில் என்ன செய்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நல்ல நாள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

படி 1: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"நான் உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "லைட்டா நடங்க" என்ற பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்.

எந்தப் பக்கம், எத்தனை நிணநீர் முடிச்சுகளை (நிணநீரை வடிகட்டும், அக்குளில் உள்ள சிறு உறுப்புகள்) எடுத்தார்கள்? ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்களா, அக்குளை முழுவதுமாகச் சுத்தம் செய்தார்களா? கை வீக்கம் வரும் வாய்ப்பு இதைப் பொறுத்துத்தான் பெரிதும் மாறும்.

இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து உண்டா? டாக்ஸோரூபிசின், ட்ராஸ்டுஸுமாப் போன்றவை இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) முடிவு என்ன, அதை வைத்து வேகத்துக்கு ஏதாவது வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

எலும்பு எப்படி இருக்கிறது? எலும்பு மெலிந்திருந்தால் முன்னால் ஆழமாகக் குனிவது, முதுகைத் திருகுவது போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம். அவர்களும் உடற்பயிற்சி செய்யலாம், ஆனால் எந்த எலும்பில் எவ்வளவு பாரம் விழலாம் என்று தெரிந்த பிசியோதெரபிஸ்ட் போட்டுத் தரும் திட்டம் வேண்டும்.

மார்பக மறுசீரமைப்பு செய்திருக்கிறார்களா? வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசையோ திசுவோ எடுத்து வைத்திருந்தால், கீழே வரும் கை அசைவுகளும் எடை தூக்கலும் உங்களுக்குத் தாமதமாகத்தான் தொடங்கும். அந்த நாள் கணக்கை உங்கள் சர்ஜன் மட்டுமே சொல்ல முடியும்.

அப்புறம், எந்தக் கட்டத்திலும் பொருந்தும் நிறுத்தக் குறிகள். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் பயிற்சி இல்லை. கீமோ காலத்தில் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சு வாங்கல், இதயம் தாறுமாறாகத் துடிப்பது, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, புதிதாக வந்து போகாமல் நிற்கும் எலும்பு வலி ஆகிய எதுவும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட வேண்டிய விஷயம் இல்லை. கடந்த 24 மணி நேரத்தில் கடுமையான வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று ஓய்வு. நீர்ச்சத்து குறைந்த உடலோடு நடக்கக் கிளம்பினால் மயக்கம்தான் வரும்.

படி 2: தொடங்கும் முன் மூன்று அளவுகள்

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் "எனக்கு ஒன்றுமே முன்னேறவில்லை" என்று தோன்றும் நாளில் இது உதவும்.

முதலாவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது. இரண்டாவது, ஒவ்வொரு நாளும் சோர்வுக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், அதோடு அன்று கீமோ போட்டு எத்தனையாவது நாள் என்ற குறிப்பு. இரண்டு சுற்று முடிந்ததும் உங்கள் சோர்வுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியவரும். மூன்றாவது, இரண்டு கைகளின் சுற்றளவு. மணிக்கட்டிலும், முழங்கைக்கு 10 செ.மீ. கீழேயும் மேலேயும் டேப்பால் அளந்து எழுதுங்கள். முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அளப்பது நல்லது, ஏனென்றால் பலருக்கு வலது கையும் இடது கையும் இயல்பிலேயே கொஞ்சம் வேறுபடும். பழைய அளவு இல்லாவிட்டால் எது வீக்கம், எது இயல்பு என்று பிரிப்பது கஷ்டம்.

படி 3: ஆபரேஷனுக்குப் பிறகு தோளை மீட்பது

வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் இரண்டு வாரம் அப்படியே இருந்தால் தோள் இறுகிவிடும். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: ரேடியேஷன் கொடுக்கும்போது பெரும்பாலும் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். தோள் அந்த அளவுக்கு வளையாவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகலாம். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு, தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களைச் சேர்த்தது. ஆபரேஷன் முடிந்து 7 முதல் 10 நாளில் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு, வெறும் கையேடு மட்டும் வாங்கிப் போனவர்களைவிட ஓராண்டு கழித்துக் கை நன்றாக இயங்கியது. 2021-ல் வெளியான முடிவு இது.

காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் இருக்கும் முதல் நாட்களில் அசைவுகள் சிறியவை. படுத்தபடி அந்தப் பக்கத்துக் கையைத் தலையணைகள் மேல், இதயத்தைவிட உயரமாக வையுங்கள். விரல்களை இறுக மடக்கி விரியுங்கள், 15 முதல் 25 தடவை. பிறகு முழங்கையை மடக்கி நீட்டுங்கள். கைத் தசை சுருங்கி விரிவது நிணநீரை மேலே தள்ள உதவும். நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். தோள்களை மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். ஆழமாக மூச்சிழுத்து விடுவது ஐந்தாறு தடவை. தலை வாருவது, சாப்பிடுவது, முகம் கழுவுவது எல்லாம் அந்தக் கையாலேயே இருக்கட்டும். பல மருத்துவமனைகள் குழாய் எடுக்கும்வரை முழங்கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்கின்றன. உங்களுக்குச் சொன்னது எதுவோ அதைப் பின்பற்றுங்கள்.

குழாய் எடுத்து, சர்ஜனும் சரி என்ற பிறகு நீட்டும் பயிற்சிகள். வெந்நீரில் குளித்து முடித்த நேரம் இதற்கு நல்லது, தசை இளகியிருக்கும்.

கம்புப் பயிற்சி: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். ஒரு துடைப்பக் கம்பை இரண்டு கையாலும் வயிற்றின் மேல் பிடித்து, தலைக்கு மேல் எவ்வளவு போகிறதோ அவ்வளவு தூக்குங்கள். ஆபரேஷன் ஆகாத கை மற்றதற்கு உதவட்டும். இழுபடும் இடத்தில் 5 நொடி நிறுத்தி இறக்குங்கள். 5 முதல் 7 தடவை.

முழங்கை விரித்தல்: அதே நிலையில் இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கோத்து, முழங்கைகளை மேல்நோக்கி வையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் படுக்கையை நோக்கி மெல்ல விரியுங்கள். முதல் வாரம் முழங்கை பாதி வழியில் நின்றுவிடும். பரவாயில்லை.

சுவர் ஏறுதல்: சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. நாளை அதற்குச் சற்று மேலே. முகம் சுவரைப் பார்த்தபடி பழகியதும் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள், அது கொஞ்சம் கடினம்.

தோள்பட்டை சேர்த்தல்: நாற்காலியில் நேராக உட்கார்ந்து, பின்பக்கத் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகெலும்பை நோக்கி இழுத்து 5 நொடி வைத்து விடுங்கள். மார்புத் தழும்பைக் காக்கிற மாதிரி முன்னால் கூனிப் போவது பலருக்குத் தெரியாமலே வந்துவிடும். அதற்கு மாற்று இதுதான். டிவி பார்த்தபடியே செய்யலாம்.

இழுபடும் உணர்வு இருக்க வேண்டும், குத்தும் வலி இருக்கக் கூடாது. மரத்துப்போன, எரிகிற, ஊசி குத்துகிற உணர்வு அக்குளிலும் மேல்கையின் பின்புறத்திலும் வருவது ஆபரேஷனில் நரம்பு சீண்டப்பட்டதால். அது பயிற்சி தந்த சேதம் அல்ல.

சிலருக்கு ஆபரேஷனுக்குச் சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கைவரை, சில சமயம் மணிக்கட்டுவரை, தோலுக்கடியில் நாண் மாதிரி ஒன்று இறுகி நிற்கும். கையைத் தூக்கினால் கண்ணுக்கே தெரியும். பயந்து கையை மடக்கி வைத்துக்கொள்வதும் தவறு, ஒரே இழுப்பில் அறுத்துவிடலாம் என்று முயல்வதும் தவறு. மெதுவான நீட்டல்களாலும் பிசியோதெரபிஸ்ட் செய்யும் மசாஜாலும் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

படி 4: கீமோ காலத்தில் நடை

இலக்கு என்று ஒன்று வேண்டுமென்றால், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம், நடுத்தர வேகம். 2019-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய சர்வதேச நிபுணர் குழு, சோர்வு, பதற்றம், மனச்சோர்வு குறைய இந்த அளவு பலன் தரும் என்று சொன்னது. கவனியுங்கள், தினமும் ஒரு மணி நேரம் இல்லை. 30 நிமிடத்தைப் பத்துப் பத்தாக மூன்று தடவையாகப் பிரித்தாலும் கணக்குதான்.

நடுத்தர வேகம் என்பதற்கு நாடித் துடிப்பை எண்ண வேண்டாம். கீமோவாலும் ரத்தசோகையாலும் சும்மா இருக்கும்போதே துடிப்பு ஏறியிருக்கும், அந்த எண் உங்களைத் தவறாக வழிநடத்தும். பேசிப் பாருங்கள். நடந்தபடி முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் சரியான வேகம். வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

இனி கீமோ சுற்றுக்கு ஏற்ப மாற்றுவது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏறுகிறவர்களுக்குப் பொதுவாக முதல் சில நாள் மோசம், மூன்றாவது வாரம் நல்லது. இதில் ஒரு சூட்சுமம்: கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு முதல் ஒன்றிரண்டு நாள் பொய்யான தெம்பைத் தரும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அன்று வீட்டையே புரட்டிப்போட்டுவிட்டு, அது இறங்கும் மூன்றாம் நான்காம் நாளில் எழ முடியாமல் கிடப்பவர்கள் நிறைய. அந்தத் தெம்பு நாளிலும் வழக்கமான 20, 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

மோசமான நாளின் திட்டம் இவ்வளவுதான்: ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடை, நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருதல், படுத்தபடி கணுக்கால் மேலும் கீழும் 20 தடவை. நடையைத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் உடம்பு இன்னும் மோசமாகத் தோன்றினால் படுத்துவிடுங்கள், குற்ற உணர்வே வேண்டாம். பல நாட்களில் அந்த ஐந்து நிமிடம் தானாகவே பத்தாகிவிடும். வாரந்தோறும் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து போடுகிறவர்களுக்கு இப்படி ஏற்றஇறக்கம் தெளிவாக இருக்காது, சோர்வு வாரவாரம் சேர்ந்துகொண்டே போகும். அவர்கள் கடைசி வாரங்களில் அளவைக் கூட்டாமல், இருப்பதைத் தக்கவைத்தாலே வெற்றி.

ரத்த அணுக்கள் எப்போது குறையும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மூன்று வாரச் சுற்றில் பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த வாரம் கூட்டமான ஜிம், நீச்சல்குளம் வேண்டாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் விழுந்து அடிபட வாய்ப்புள்ள பயிற்சியும் பாரம் தூக்குவதும் வேண்டாம். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் "இந்த எண்ணோடு நான் என்ன செய்யலாம்?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி குழப்பம் தீரும். கையில் நீண்ட கால ஊசிக்குழாய் செருகியிருந்தால் நீச்சல் கிடையாது, அந்தக் கையால் கனம் தூக்குவதும் கிடையாது.

பாக்லிடாக்சல், டோசிடாக்சல் போட்டு பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பின்பக்கம் மூடிய, வழுக்காத ஷூ. டிரெட்மில்லைவிட நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் பாதுகாப்பு. கூடவே சமநிலைப் பயிற்சி: கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒற்றைக் காலில் 10 நொடி, பிறகு மறுகால். பழகியபின் இரண்டு விரலால் மட்டும் பிடித்து. பிறகு சுவரோரம் ஒரு பாதத்தின் குதிகாலை மறுபாதத்தின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது. விரல்களும் மரத்திருந்தால் டம்பெல் நழுவும், ரப்பர் பட்டையை மணிக்கட்டில் சுற்றிப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாதீர்கள். துணி மடிப்பதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும்கூட அசைவுதான். "நடந்தியா?" என்று தினமும் விசாரிப்பதைவிடச் செருப்பை மாட்டிக்கொண்டு கூட நடப்பது மேல்.

படி 5: எடை தூக்குதல்

எல்லோரும் தவிர்ப்பது இதைத்தான். எனக்குக் கேட்டால், ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்பவர்களிடம் நடையைவிட இதைச் சொல்வேன், ஏனென்றால் நடையை எப்படியும் கொஞ்சமாவது செய்துவிடுவார்கள்.

நிணநீர் முடிச்சு எடுத்த கையால் எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கிவிடும் என்பது நெடுங்கால மருத்துவ அறிவுரை. அதை முதலில் பகிரங்கமாகச் சோதித்தவர் கனடாவின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி. 1996-ல் வான்கூவரில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் (பலர் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடும் நீளமான படகு) ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். கை ஓயாமல் உழைக்கும் விளையாட்டு அது. யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. இன்று அப்படிப்பட்ட படகுக் குழுக்கள் உலகமெங்கும் இருக்கின்றன.

பிறகு முறையான ஆய்வு வந்தது. கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் 2009-ல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்கள் பங்கேற்றார்கள். வாரம் இருமுறை படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவது அவர்களில் 14 சதவீதம் பேருக்கு மட்டுமே நடந்தது, தூக்காதவர்களில் 29 சதவீதம். அடுத்த ஆண்டு, இன்னும் வீக்கம் வராத 154 பெண்களிடம் செய்த ஆய்விலும் எடை தூக்குவது ஆபத்தைக் கூட்டவில்லை. ஆனால் இந்தப் பெண்கள் பயிற்சியாளர் மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் தொடங்கினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பே அந்த மெதுவான ஏற்றத்தில்தான் இருக்கிறது.

சர்ஜன் அனுமதித்த பிறகு, தோள் ஓரளவு வளையத் தொடங்கியதும் ஆரம்பியுங்கள். வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி. முதல் சில தடவை பிசியோதெரபிஸ்ட் பார்க்கச் செய்வது மிக நல்லது.

கால்களுக்கு: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், குதிகால் உயர்த்தி நிற்றல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல். இவற்றை 10 தடவை வீதம் இரண்டு செட். கை வீக்க பயம் இங்கே இல்லை, ஆகவே கால்களில் தைரியமாக முன்னேறலாம்.

மேல் உடம்புக்கு: சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையை இடுப்பு உயரத்தில் கட்டி முழங்கையைப் பின்னால் இழுத்தல், அரைக் கிலோ டம்பெல்லால் முழங்கை மடக்கித் தூக்குதல், அதே எடையைத் தோள் உயரம்வரை முன்னாலும் பக்கவாட்டிலும் தூக்குதல். அரைக் கிலோ டம்பெல் இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். 8 முதல் 12 தடவை, இரண்டு செட். தூக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள்.

எடையைக் கூட்டும் விதி: தொடர்ந்து இரண்டு பயிற்சி நாட்களில் கையில் எந்த மாற்றமும் இல்லை என்றால் மட்டும், கிடைக்கிற மிகச் சிறிய அளவு கூட்டுங்கள். அரைக் கிலோவிலிருந்து நேரே இரண்டு கிலோவுக்குத் தாவ வேண்டாம். இதில் மேல் எல்லை என்று ஒன்று கிடையாது. கையில் அறிகுறி இல்லாமல் மெதுவாக ஏறிக்கொண்டே போகலாம்.

மாற்றம் என்றால் என்ன? மோதிரமோ வாட்சோ இறுகுவது, சட்டைக் கை பிடிப்பது, கை கனப்பது, வேலை முடிந்த மாலையில் தோலில் இறுக்கம். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்தி டேப்பை எடுங்கள். பழைய அளவைவிட எங்காவது 2 செ.மீ. கூடியிருந்தால் மருத்துவரிடம் போகும் நேரம். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்று, அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஏற்கெனவே வீக்கம் இருப்பவர்கள், அளவெடுத்துக் கொடுத்த கம்ப்ரெஷன் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) இருந்தால் அதைப் போட்டுக்கொண்டுதான் தூக்க வேண்டும். தொளதொளத்த பழைய ஸ்லீவால் பலனில்லை.

கீமோவின்போதே எடை தூக்கலாமா என்று பலர் கேட்பார்கள். 2007-ல் வெளியான கனடா ஆய்வு ஒன்று கீமோ போட்டுக்கொண்டிருந்த 242 பெண்களிடம் நடந்தது. எடைப் பயிற்சி செய்தவர்களில், திட்டமிட்ட கீமோ அளவைக் குறைக்காமலும் தள்ளிப்போடாமலும் பெற்றுக்கொண்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள். ஒரே ஆய்வை வைத்து வாக்குறுதி தர முடியாது, ஆனால் கெடுதல் இல்லை என்பதாவது தெளிவு.

படி 6: ரேடியேஷன்

இங்கே புதிதாக அதிகம் இல்லை. நடையும் தோள் நீட்டலும் தொடரட்டும். சோர்வு வாரங்கள் போகப்போகக் கூடும், சிகிச்சை முடிந்தபின்னும் சில வாரம் நீடிக்கும். தோல் சிவந்து உரியும்போது பிராவின் ஓரம் உரசாத தளர்வான பருத்தி ஆடை போடுங்கள், குளோரின் கலந்த நீச்சல்குளத்தைத் தவிருங்கள். ரேடியேஷன் பட்ட இடத்தின் தசையும் திசுவும் சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் மெல்ல இறுகலாம். அதனால்தான் சுவர் ஏறுதலையும் கம்புப் பயிற்சியையும் கடைசி ரேடியேஷன் நாளோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு ஆண்டுவரை வாரத்தில் சில நாளாவது தோளை முழு வீச்சுக்கு அசைத்துப் பாருங்கள்.

படி 7: மாத்திரை ஆண்டுகள்

ஐந்து ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும், நோய் திரும்பாமலிருக்கச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை. மருத்துவமனைப் போக்குவரத்து குறைந்து, மற்றவர்கள் "அதான் முடிஞ்சுபோச்சே" என்று நினைக்கும் காலம். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் சாப்பிடுகிறவர்களில் பலருக்குக் காலையில் எழுந்ததும் விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் இறுகி வலிக்கும். வலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அதுதான் உண்மையான ஆபத்து. 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இப்படி மூட்டுவலி இருந்த 121 பெண்களில் ஒரு பாதிப் பேர் வாரம் 150 நிமிட நடை போன்ற பயிற்சியும், இருமுறை எடைப் பயிற்சியும் செய்தார்கள். ஓராண்டில் அவர்களின் மிக மோசமான வலியின் மதிப்பெண் 29 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 3 சதவீதம் கூடியது.

வலிக்கிற மூட்டோடு எப்படித் தொடங்குவது? காலையில் எழுந்ததும் வேண்டாம். வெந்நீர்க் குளியலுக்குப் பின், மூட்டு இளகியபின். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் வலிக்கும், நடக்க நடக்கக் குறையும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்பைவிட அதிகமாக இருந்தால் அடுத்த நாள் அளவைக் குறையுங்கள்.

இதே மாத்திரைகள் எலும்பையும் மெலிய வைக்கும். எலும்புக்கு உடம்பின் பாரம் விழும் பயிற்சி வேண்டும்: நடை, படி ஏறுதல், எடை. நீச்சலும் சைக்கிளும் மூச்சுக்கு நல்லவை, எலும்புக்கு அவ்வளவாக உதவாது. டாமோக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பைவிட ரத்த உறைவுதான் கவனம். நீண்ட பயணத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே காட்டுவதும் அவர்களுக்கு முக்கியம். உடல் திடீரெனச் சூடேறும் தொல்லை இருந்தால் குளிர்ந்த நேரத்தில், ஃபேனுக்கு அடியில், கழற்ற வசதியான அடுக்கு ஆடையோடு பயிற்சி செய்யுங்கள்.

படி 8: விட்டுப்போனால் திரும்பத் தொடங்குவது

விட்டுப்போகும். காய்ச்சல், அடுத்த ஆபரேஷன், வீட்டில் ஒரு விசேஷம், சும்மா மனமில்லாத வாரங்கள். நடை ஒரு வாரம் நின்றால் பழைய நேரத்தில் பாதியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வாருங்கள். எடைப் பயிற்சியில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் மேல் உடம்புக்கான எடையைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்தே தூக்கினால்தான் கை வீக்கம் கிளறப்படும். ஒரு மாதத்துக்கு மேல் போயிருந்தால் மறுபடி அரைக் கிலோ. கால் பயிற்சிகளுக்கு இந்தக் கண்டிப்பு தேவையில்லை, இரண்டு மூன்று தடவையில் பழைய அளவுக்கு வந்துவிடலாம்.

தொடங்கும் முதல் நாளில், நோட்டில் பழைய அளவுகளுக்குக் கீழே கையின் சுற்றளவையும் 30 நொடி எண்ணிக்கையையும் மறுபடி எடுத்து எழுதுங்கள். அதன்பின் கையின் அளவை மாதம் ஒரு முறை, எப்போதும் ஒரே நேரத்தில், பயிற்சிக்கு முன்பாக எடுங்கள். காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டால் இல்லாத வீக்கம் இருப்பதாகத் தெரியும்.